பூத்தில் காய்ந்த வாத்து

அந்த வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூக்குக்குப் பரீட்சை நடக்கும். பரீட்சை எழுதுகிறவன் வீட்டுக்காரன். கேள்வி கேட்பதும் மேற்பார்வை பார்ப்பதும் மார்க் போடுவதும் அவன் மனைவி. பாஸ் செய்தால் அடுத்த மூன்று மாதம் வேலைக்குப் போகலாம். இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டவன் எவ்வளவு பெரிய அப்பாவியாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அப்பாவியெல்லாம் இல்லை. கடைசி இரண்டு பரீட்சைகளையும் காப்பியடித்துத்தான் பாஸ் செய்திருந்தான்.

அவன் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். பட்டறையில் எல்லோருக்கும் அவன் பெயின்டர். அடிபட்டு வருகிற வண்டியை மற்றவர்கள் நிமிர்த்தித் தேய்த்து முடித்த பிறகு பூத்துக்குள் தள்ளிவிடுவார்கள். பூத் என்பது கண்ணாடிக் கதவு போட்ட நீளமான அறை. கூரையிலிருந்து வடிகட்டிய காற்று இறங்கித் தரை வழியாக வெளியே போகும். ஒரு பொட்டுத் தூசி உள்ளே வர முடியாது. அதற்குள் அவன் பெயின்ட் பீய்ச்சுகிற கன்னைப் பிடித்துக்கொண்டு நின்றால் முதலாளிகூடக் கதவுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். முகமூடி போட வேண்டும் என்பது விதி. போடுவான். நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அதைத் தாடைக்கு இறக்குவான், பிறகு ஏற்ற மறந்துவிடுவான். பதினான்கு வருடமாக மறந்துகொண்டிருந்தான்.

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் கோட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று அது பதிந்துவைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிவைத்தால் அளவு பார்த்துச் சொல்வார்கள். அளவு தாண்டியவர்களை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். கல்யாணமான புதிதில் அவள் சொன்னாள், "எனக்கு இது பேட்ஜ். உங்களுக்கு மூக்குதான் பேட்ஜ். அது என்னிக்கு வேலை செய்யலையோ அன்னிக்கு அந்த ரூமை விட்டு வெளிய வந்துடணும்." புதுமாப்பிள்ளை ஜோரில் அவன் தலையாட்டினான். அந்த ஜோரில் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பான்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேட்ஜ் அனுப்புகிற நாளன்று சாயங்காலம் அவன் கண்ணைத் துண்டால் கட்டி உட்காரவைப்பாள். காபிப்பொடி, கிராம்பு, ஏலக்காய், வினிகர், சோப்பு என்று ஐந்தை ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே நீட்டுவாள். அவன் பேர் சொல்ல வேண்டும். இரண்டு தப்பானால் கதை முடிந்தது. பத்து வருடமாக அவன் ஐந்துக்கு ஐந்து வாங்கினான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மகள் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். மகளுக்கு எட்டு வயது. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பேர். பழத்தை நீட்டினாள். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, வாசனையே இல்லை, பழம் சரியில்லை என்றான். சில்வண்டு முகர்ந்து பார்த்துவிட்டு அவனை விநோதமாகப் பார்த்தாள். அன்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சோப்பை முகர்ந்தான், பற்பசையை முகர்ந்தான், பாத்ரூம் கழுவுகிற திரவத்தைத் திறந்து முகர்ந்தான். ஒன்றும் இல்லை. 

பூத்தை விட்டு வெளியே வந்தால் அவனுக்கு வேறென்ன இருக்கிறது? வெயிலில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். இல்லாவிட்டால் கேட்டருகே நின்று வண்டி நம்பர் எழுதலாம். ஒரு கதவின் வளைவில் கோடு தெரியாமல் நிறத்தை ஓடவிட்டு, காய்ந்ததும் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு நிமிடம் இருக்கிறதே, அதற்காகத்தான் அவன் காலையில் எழுந்திருந்தான். அதை விட அவனுக்கு மனசு வரவில்லை. மறைத்தான்.

மறைப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. காபி டப்பா மூடி 'டப்' என்று திறக்கும். கிராம்பு கண்ணாடி ஜாடியில் இருந்தது, மூடி உரசும். ஏலக்காய் பிளாஸ்டிக் டப்பா கிறீச்சிடும். வினிகர் பாட்டிலைத் திருக வேண்டும். சோப்புக்காக அவள் குளியலறை வரைக்கும் நடந்துபோவாள். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன துப்பு வேண்டும்? குக்கர் விசில் அடித்தால் "அட, என்ன மணம்!" என்பான். மூன்று விசிலுக்கு ஒருதரம் சொன்னால் போதும் என்று அளவும் வைத்திருந்தான்.

மாட்டிவிட்டது பால். போன மாதம் அவளுக்குத் தலைவலி என்று அவனே காபி போட்டுக் கொடுத்தான், தானும் குடித்தான். பாலில் கெட்ட வாடை ஏறியிருந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். காபி எப்படி இருக்கிறது என்று அவனையே கேட்டாள். இன்னிக்கு நல்லா வந்திருக்கு என்றான். அவள் தன் டம்ளரை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினாள். அடுத்த பேட்ஜ் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை புது ஐட்டங்கள் வைக்கப்போவதாகப் போகிற போக்கில் சொன்னாள்.

பரீட்சைக்கு முன்னால் அவள் சந்தேகத்தை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும். வீடே மணக்கிற மாதிரி ஏதாவது தானே சமைத்துக்காட்டினால் மூக்கில்லாதவன் என்று யார் சொல்வார்கள்? இந்த யோசனை வந்ததும் அவனுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

மனைவியின் அண்ணன் ஒரு சைனீஸ் ஹோட்டலில் மாஸ்டர். ஹோட்டலில் கழுத்துக் கட்டித் தொங்கவிடுகிற சிவப்பு வாத்து அவர் கைவேலைதான். தங்கை புருஷனை ஓட்டுவதற்கென்றே மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். பெயின்டர் அவருக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லி, வாத்தும் ஃப்ரைடு ரைஸும் தானே செய்யப்போவதாகச் சொன்னான். மறுபக்கம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மாஸ்டர் செய்முறையைச் சொல்லச் சொல்ல, பெயின்டருக்குக் கண்கள் விரிந்தன. தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றடித்துப் பிரிக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் தோல் இறுகும். அதன்மேல் பார்லியில் செய்கிற மால்ட் பாகும் வினிகரும் கலந்து ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொரு பூச்சு. நன்றாகக் காற்றில் காய வேண்டும், ஈரம் இருந்தால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும். கடைசியில் சூட்டில் வைத்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும்.

"மச்சான், இது சமையலே இல்ல. இது கார்," என்றான் பெயின்டர்.

மூக்கே தேவைப்படாத சமையல் ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது தனக்கென்றே காத்திருந்திருக்கிறது என்று நினைத்து அவன் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டான்.

சனிக்கிழமை பட்டறை அரை நாள். வேலைக்குப் போவதற்கு முன்னால், விடியற்காலையிலேயே அவன் வீட்டில் வாத்தைக் கழுவி, சைக்கிள் பம்பின் ஊசியைக் கொதிக்கவைத்துக் கழுத்துப் பக்கம் செருகிக் காற்றடித்தான். தோல் உப்பி எழுந்தபோது சில்வண்டு கைதட்டினாள். வயிற்றுக்குள் சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்த்து இடித்த பொடி எல்லாவற்றையும் அடைத்து ஊசிநூலால் தைத்தான். கொதிநீர் ஊற்றினான். மறுநாள் ஃப்ரைடு ரைஸுக்கு ஆறின சோறுதான் உதிரியாக வரும் என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால், சோற்றை வடித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தான். எல்லாம் முறையாகவே நடந்தது.

காயவைப்பதில்தான் கேடு வந்தது. வீட்டில் எங்கே தொங்கவிடுவது? பால்கனியில் பூனை வரும். கூடத்து ஃபேன் இறக்கையில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. பூச்சின் மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? அவனுக்குத் தெரிந்து இந்த ஊரிலேயே சுத்தமான காற்று ஓடுகிற இடம் ஒன்றுதான்.

மதியம் எல்லோரும் கிளம்பிய பிறகு அவன் வாத்தைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிப் போனான். பூத் காலியாக இருந்தது. காலையில் ஒரு வண்டிக்குக் கடைசிப் பூச்சு அடித்து வெளியே தள்ளியிருந்தான், அவ்வளவுதான். தரையைத் துடைத்தான். பம்பர் மாட்டுகிற கொக்கியைக் கழுவி வாத்தை மாட்டினான். காற்றைப் போட்டுவிட்டுப் பிரஷ்ஷால் முதல் பூச்சு கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்துப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான், ஒட்டவில்லை. இரண்டாவது பூச்சு. இருட்டுவதற்குள் அது கண்ணாடி மாதிரி காய்ந்துவிட்டது. பதினான்கு வருடப் பெயின்டும் அதைக் கரைக்கிற தின்னரும் ஊறிய அறையில் நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, எவ்வளவு சுத்தமான காற்று என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓவனைத் துடைத்து அதில் அடுக்கியிருந்த தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பரிசாக வந்த ஓவன், தட்டு அலமாரியாகவே காலம் தள்ளியிருந்தது. ராத்திரி பையில் இறுகக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த வாத்து உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மனைவி சமையலறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். கதவுக்குப் பின்னால் அவனுடைய பட்டறைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தின்னர் வாடை குடலைப் பிடுங்குகிறது, சாப்பாடு செய்கிற இடத்தில் இதை மாட்டாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது என்று சலித்துக்கொண்டே அதைப் பால்கனிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தும் வாடை போகவில்லை. சுவரிலேயே ஊறிவிட்டது போலிருக்கிறது என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கண்ணெல்லாம் ஓவன் கண்ணாடிக்குள் சிவந்துகொண்டிருந்த தோலின் மேலேயே இருந்தது.

ஃப்ரைடு ரைஸையும் அவனே செய்தான். சட்டியைப் புகைய விட்டு, எண்ணெய் ஊற்றி, முட்டையைக் கலக்கி எடுத்தான். பூண்டு பொன்னிறமானதைக் கண்ணாலேயே பார்த்தான். கேரட், பட்டாணி, உதிர்த்த சோறு, ஓரமாகச் சோயா சாஸ், மேலே வெங்காயத்தாள். பூண்டு வாசனை எழுந்ததும் மனைவியின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான், சரியான நேரத்தில், "அட, என்ன மணம்!" என்றான். அவள் சிரித்தாள். பால் விஷயத்தை அவள் மறந்துவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

மாஸ்டர் வந்தவுடன் வழக்கம்போல ஆரம்பித்தார். இந்த வீட்டுக் கதவைத் திறந்தாலே பட்டறைக்குள் வந்த மாதிரி இருக்கிறது, சாப்பிட வந்தேனா டிங்கரிங் பார்க்க வந்தேனா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வாத்து மேசைக்கு வந்தது, அவர் வாய் அடைத்துப்போனது.

அப்படி ஒரு வாத்தை அவரும் செய்ததில்லை. கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே சிவப்பு. ஒரு திட்டு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. மேலே விளக்கு அப்படியே தெரிந்தது. "மாப்ளே, என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க போல இருக்கே," என்றார். பெயின்டருக்குக் காது வரைக்கும் சூடேறியது. கத்தியை எடுத்து வெட்டினான். தோல் மொறுக்கென்று பிளந்தது. முதல் துண்டு சில்வண்டுவின் தட்டில், அடுத்தது மச்சானின் தட்டில்.

மாஸ்டர் துண்டை வாய்க்கருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். கீழே வைத்தார். கையை நீட்டிச் சில்வண்டுவின் தட்டிலிருந்த துண்டையும் எடுத்துக்கொண்டார். தங்கை அப்போது தண்ணீர் ஜக்கோடு வந்துகொண்டிருந்தாள். உள்ளே இன்னும் வேகவில்லை, யாரும் தொடவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, வாத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்ப் பெயின்டரைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

எங்கே காயவைத்தாய் என்று கேட்டார். பூத்தில் என்றான். மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"முழுக்கத் தின்னர் நாறுது மாப்ளே. கொழுப்புல ஊறிப்போயிருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

சளி என்றான். இரண்டு நாளாக மூக்கடைப்பு என்றான். மாஸ்டர் அவனையே பார்த்தார். பிறகு, எத்தனை நாளாகச் சளி என்று மெதுவாகக் கேட்டார். அவன் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான். ஓட்டுவதற்கு இதைவிட நல்ல சமயம் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவர் ஓட்டவில்லை. வேகவில்லை என்றே இருக்கட்டும், இதைக் குப்பையில் போட்டுவிடலாம், தங்கைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவன் தலையாட்டினான். தப்பித்தாயிற்று. ஒரு வாத்து போனதே தவிர வேறொன்றும் போகவில்லை. 

கூடத்துக்கு வந்தார்கள். சில்வண்டு வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகாததைச் சாப்பிட்டால் வயிற்றை வலிக்கும் என்று அவள் அம்மா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பவே சாப்பிட்டேனே," என்றாள் சில்வண்டு. "மேசையில வெச்சதும் கொஞ்சூண்டு தோல் பிச்சேன். ஒரு மாதிரி வாசனையா இருந்துச்சு. அப்புறம் அது அப்பா வாசனைதான்னு தெரிஞ்சுது. அதான் முழுங்கிட்டேன்."

 பெயின்டர் வாயைத் திறந்தால் பூத் போய்விடும். திறக்காவிட்டால், மகள் எதை விழுங்கினாள் என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது. வேகாத வாத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள். மச்சான் அவனைப் பார்த்தார். அவர் சொல்வதற்குள் அவனே சொன்னான்.

"வேகாம இல்ல. அதுல தின்னர் ஏறியிருக்கு. நான் பூத்ல காயவெச்சேன். எனக்குத் தெரியல. எனக்கு எட்டு மாசமா எந்த வாசனையும் தெரியல."

அவன் மனைவி ஜக்கைக் கீழே வைத்தாள்.  மகளிடம் எவ்வளவு என்று கேட்டாள். சில்வண்டு சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். மருத்துவமனைக்கு போன் போட்டு, அன்று டியூட்டியில் இருந்த டாக்டரிடம் தெளிவாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். எங்கே காயவைத்தது, எத்தனை மணி நேரம், எவ்வளவு உள்ளே போனது. வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், தண்ணீர் கொடுங்கள், கவனித்துக்கொண்டிருங்கள், ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே கூட்டிவாருங்கள், அவ்வளவு சின்னத் துண்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றார் டாக்டர். பெயின்டர் அந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். முதல் துண்டை மகள் தட்டில் வைத்த கையைக் கைத்துணியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

ஒரு மணி நேரம் சில்வண்டுவைச் சுற்றியே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிக்கிறது என்று சிணுங்க ஆரம்பித்ததும்தான் அவள் அம்மாவின் தோள் இறங்கியது. மாஸ்டர் ஃப்ரைடு ரைஸை முகர்ந்து பார்த்து, ஒரு வாய் தின்று பார்த்து, இதில் ஒன்றும் இல்லை என்றார். சூடாக்கி நான்கு தட்டில் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். சில்வண்டு இரண்டு தடவை வாங்கித் தின்றாள். பெயின்டருக்கு வழக்கம்போல உப்பு மட்டும் தெரிந்தது.

சாப்பிட்ட தட்டுகளை எடுத்த பிறகு மனைவி ஒரு துண்டோடு வந்து நின்றாள்.

"பேட்ஜ் நாள் அடுத்த வாரம்தானே," என்றான்.

"உட்காருங்க," என்றாள்.

கண்ணைக் கட்டினாள். இந்தத் தடவை டப்பா எதுவும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் முன்பே சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடுத்துவைத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. மூக்குக்கு நேரே ஏதோ வந்தது என்பது அவள் வளையல் அசைந்ததால்தான் தெரிந்தது. தெரியல என்றான். அடுத்தது. தெரியல. மூன்றாவதும் தெரியல. தெரியல என்று சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் எட்டு மாதத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தான். நான்காவது. தெரியல.

"என் பேட்ஜ் அளவு தாண்டி, நான் உங்ககிட்ட மறைச்சிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது.  நாளைக்கு முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்றான். நாளை மறுநாள் காது மூக்கு டாக்டர், நான் லீவு போடுகிறேன் என்றாள் அவள்.

ஐந்தாவதைத் தான்தான் காட்டுவேன் என்று சில்வண்டு அடம்பிடித்தாள். எங்கேயோ ஓடினாள், ஓடிவந்தாள். துணி மாதிரி ஏதோ ஒன்று அவன் முகத்தின்மேல் உரசியது. அவன் ஆழமாக மூச்சிழுத்தான். நிஜமாகவே முயற்சி செய்தான். மகள் கையில் இருப்பது எதுவாக இருந்தாலும் இந்த ஒன்றாவது தெரிந்துவிட வேண்டும் என்று மனசு கெஞ்சியது.

"தெரியலம்மா."

"அது நீங்கதாம்ப்பா," என்றாள் சில்வண்டு.

அவன் கண்கட்டை அவிழ்த்தான். மகள் கையில் அவனுடைய பட்டறைச் சட்டை இருந்தது. மனைவி அதை வாங்கிச் சுருட்டினாள். துவைக்கிற துணியோடு சேர்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய், குப்பைப் பைக்குள் அந்தச் சிவப்பு வாத்தின்மேல் போட்டு முடிச்சுப் போட்டாள். பெயின்டர் எழுந்து போய்ப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.